பல் போனது ஒரு நாளில், வாய் திறந்தது பத்து நாளில்

பல் பிடுங்கப் போகிற எல்லாரும் டாக்டரிடம் கேட்பது ஒரே கேள்விதான். "வலிக்குமா டாக்டர்?" மரத்துப்போக ஊசி போட்டுவிடுவேன், வலிக்காது என்று அவரும் சொல்வார். அது உண்மைதான். ஆனால் "மூணாம் நாள் காலையில வாய் திறக்குமா?" என்று யாரும் கேட்பதில்லை. பெரும்பாலான இடங்களில் டாக்டரும் அதைத் தானாகச் சொல்வதில்லை. அந்தக் கேட்காத கேள்வியைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழ்த்தாடையின் கடைசிப் பல்லை, அதாவது ஞானப்பல்லை எடுப்பது ஒரு நாள் வேலை இல்லை. அது இரண்டு வார வேலை. டாக்டர்கள் அதை ஒரு நாள் வேலையாக நடத்துகிறார்கள். நாமும் ஒரு நாள் லீவு போட்டுவிட்டுப் போகிறோம். நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது நோயாளி. அதிலும் ஊரை விட்டு வந்து பிழைக்கிற நம்மைப் போன்ற குடும்பங்கள் இதில் இரண்டு மடங்கு மாட்டுகின்றன. ஏன் என்று கீழே சொல்கிறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளவும்.

(டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. மென்பொருள் கம்பெனியில் குப்பை கொட்டுகிறவன். இதில் இருப்பது பல் மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வதும், பக்கத்தில் இருந்து பார்த்ததும். உங்கள் வாய்க்கு உங்கள் டாக்டர் சொல்வதே முடிவு.)

"ஊருக்குப் போகும்போது பார்த்துக்கலாம்"

புனேயில் எனக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்களில் பாதிப் பேருக்கு இந்தப் பழக்கம் இருக்கிறது. கண்ணாடி மாற்றுவது, ரத்தம் சோதிப்பது, பல் பார்ப்பது எல்லாவற்றையும் ஊருக்குப் போகும் லீவுக்கு என்று சேர்த்து வைப்பது. காரணம் புரிகிறது. அங்கே தெரிந்த டாக்டர், தெரிந்த மொழி, பார்த்துக்கொள்ள அம்மா. இங்கே இந்தியில் உளற வேண்டும், மராத்தியில் பேசினால் பேந்தப் பேந்த விழிக்க வேண்டும்.

எங்கள் குடியிருப்பில் பக்கத்து பிளாக்கில் இருக்கும் ஒரு அக்காவும் அப்படித்தான். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். பொங்கல் லீவுக்குப் போனபோது கீழ் வலது ஞானப்பல் வீங்கி வலி எடுத்திருக்கிறது. அங்கே ஒரு கிளினிக்கில் எடுத்துவிட்டார்கள். பல் படுத்த வாக்கில் இருந்ததால் ஈறைக் கீறி, முக்கால் மணி நேரம் ஆனதாம். மறுநாள் ராத்திரி ரயில். டாக்டரிடம் சொல்லியிருக்கிறார்கள். "தாராளமா போங்க, மாத்திரையை மட்டும் விடாதீங்க" என்பது பதில்.

புனேயில் இறங்கிய காலை வாய் திறக்கவில்லை. ஒரு விரல் நுழைகிற அளவுக்குத்தான் திறந்தது. பல் துலக்க முடியவில்லை. இட்லியைப் பிய்த்துக்கூடப் போட முடியவில்லை. கணவர் ஆபீஸ் வேலையாக வெளியூரில். அம்மாவுக்கு போன் போட்டால், "ஏட்டி, வாய அசைக்காம கெட, பேசவும் செய்யாத, தானா சரியாயிரும்" என்றிருக்கிறார். இவரும் இரண்டு நாள் பேசாமல் கிடந்திருக்கிறார். ஐந்து வயதுப் பையன், அம்மா தன் மேல் ஏதோ கோபமாக இருக்கிறாள் என்றே நினைத்துக்கொண்டானாம். ராத்திரி நெட்டில் தேடியதில் 'லாக்ஜா' என்றால் ரணஜன்னி என்று வந்திருக்கிறது. அன்று தூக்கம் போயிற்று.

செவ்வாய்க்கிழமைதான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது. தங்கமணியும் நானும் இங்கே உள்ள ஒரு பல் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனோம். மொழிபெயர்ப்பு வேலை என்னுடையது. அவர் முதலில் கேட்ட கேள்விகள்: எந்தப் பல்? எலும்பை வெட்டினார்களா? தையல் போட்டார்களா, அது தானாகக் கரைகிற தையலா, பிரிக்க வேண்டியதா? எக்ஸ்ரே இருக்கிறதா? ஒன்றுக்கும் பதில் இல்லை. கையில் இருந்தது நாலு மாத்திரைப் பெயர் கிறுக்கிய ஒரு துண்டுச் சீட்டு மட்டும்.

அந்தக் கிளினிக்கில் பல்லைச் சரியாகத்தான் எடுத்திருந்தார்கள். அதில் எனக்குக் குறை இல்லை. குறை அதற்குப் பிறகு வரும் பத்து நாளை அந்தச் சீட்டில் ஒரு வரிகூட எழுதாமல் விட்டதில்.

வாய் ஏன் பூட்டிக்கொள்கிறது?

வாயைத் திறக்க முடியாமல் தாடை இறுகிப்போவதை மருத்துவத்தில் ட்ரிஸ்மஸ் என்பார்கள். நாம் தாடைப் பிடிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். வாய்ப்பூட்டு என்று சொன்னால் நம் ஆட்களுக்குச் சட்டம்தான் ஞாபகத்துக்கு வரும் :-)

வாயை மூடுவதற்கு நமக்கு வலுவான தசைகள் இருக்கின்றன. பல்லைக் கடித்துக்கொண்டு கன்னத்தில் கை வைத்துப் பாருங்கள், ஒன்று உருண்டு திரளும். நெற்றிப் பொட்டில் இன்னொன்று. கண்ணுக்குத் தெரியாமல் தாடையெலும்பின் உட்பக்கம் மூன்றாவது ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் வம்பு செய்வது இந்த மூன்றாவதுதான். கீழ்த்தாடையை மரத்துப்போகச் செய்ய, வாயின் கடைசியில், ஞானப்பல்லுக்கும் பின்னால் ஆழமாக ஒரு ஊசி போடுவார்கள். அந்த ஊசி போகும் வழி இந்தத் தசையை ஒட்டித்தான். சில நேரம் தசையிலேயே குத்திவிடும். சில நேரம் சின்ன ரத்தக்குழாயில் பட்டு உள்ளே கொஞ்சம் ரத்தம் கட்டிக்கொள்ளும். எவ்வளவு கைதேர்ந்த டாக்டருக்கும் இது நடக்கலாம்.

இதோடு வேறு இரண்டும் சேர்கின்றன. ஒன்று, முக்கால் மணி நேரம் வாயை அகலத் திறந்து வைத்திருந்ததில் தசையும் காதருகே உள்ள தாடை மூட்டும் சோர்ந்துபோவது. இன்னொன்று, ஈறையும் எலும்பையும் வெட்டிய இடத்து வீக்கம் பக்கத்துத் தசைக்கும் பரவுவது. காயம் பட்ட தசை தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இறுகும். முழங்காலில் அடிபட்டால் காலை மடக்க முடியாமல் விறைத்துக்கொள்கிறதே, அதே கதைதான்.

இதில் முக்கியமான விஷயம், வருகிற நேரம். வீக்கம் அன்றைக்கே உச்சத்துக்குப் போகாது. இரண்டாம், மூன்றாம் நாளில்தான் போகும். ஊசியால் வரும் இறுக்கமும் இரண்டு மூன்று நாள் கழித்தே தெரியலாம். ஆக, கிளினிக்கை விட்டு வரும்போது வாய் ஓரளவு திறக்கும், மறுநாளும் பரவாயில்லை, மூன்றாம் நாள் பூட்டிக்கொள்ளும். ஊரில் பல்லை எடுத்துவிட்டு மறுநாள் ரயில் ஏறுகிறவருக்கு ரயிலிலோ, இறங்கிய பிறகோ பூட்டிக்கொள்வது தற்செயல் இல்லை. கணக்குப் போட்டால் அப்படித்தான் வரும். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிரண்டு வாரத்தில் சரியாகிவிடும். இந்த இரண்டு வரியை முன்கூட்டியே சொல்லியிருந்தால் அந்த அக்கா இரண்டு ராத்திரி முழித்திருக்க வேண்டியதில்லை.

ரணஜன்னி பயம்

நெட்டில் தேடினால் எல்லாருக்கும் முதலில் வருகிற பயம் இது. அதனால் வித்தியாசத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ரணஜன்னி என்கிற டெட்டனஸ் ஒரு கிருமியின் நச்சால் வருவது. கிருமி காயத்தில் புகுந்து 3 முதல் 21 நாட்களுக்குள் அறிகுறி தெரியும். முதலில் தாடை இறுகுவது உண்மைதான். ஆனால் அதோடு நிற்காது. கழுத்து விறைக்கும், விழுங்க முடியாது, வயிறு பலகை போல இறுகும், சத்தம் கேட்டாலே உடம்பு வெட்டி இழுக்கும். பல் எடுத்தபின் வரும் சாதாரணப் பிடிப்பு பெரும்பாலும் எடுத்த பக்கத்தில்தான் இருக்கும். கழுத்தும் முதுகும் வழக்கம்போலத் திரும்பும், குனியும்.

பல் எடுத்து ரணஜன்னி வருவது மிக மிக அபூர்வம். நம் நாட்டில் குழந்தைக்கு 6, 10, 14 வாரங்களிலும், பிறகு ஒன்றரை வயது வாக்கிலும், 5 வயதுக்கு மேலும் இதற்கான தடுப்பு மருந்து கிடைக்கிறது. 10 வயதிலும் 16 வயதிலும் மறுபடி ஊசி. பழைய டி.டி. ஊசிக்குப் பதிலாக 2019 முதல் அரசுத் திட்டத்தில் தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்துப் போடும் டி.டி. ஊசி வந்திருக்கிறது. பெயரைத் தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், குழம்ப வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும் பச்சிளங் குழந்தைகளுக்கும் வரும் ரணஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டதாக 2015-ல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆனாலும் பெரியவர்களுக்கு வருவது அடியோடு நின்றுவிடவில்லை. பத்து வருடத்துக்கு மேலாக ஊசி போடவில்லை என்றால் டாக்டரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். அது பல்லுக்காக மட்டும் இல்லை.

வாயை மூடிக்கொண்டு கிடப்பது மருந்தா?

இதில்தான் எனக்கு நம்ம ஊர்ப் பெரியவர்களோடு தகராறு. "அசைக்காம இரு" என்பது முதல் நாளுக்குச் சரியான அறிவுரை. காயத்தில் ரத்தம் உறைந்து நிற்க வேண்டும். கொப்பளிக்கக் கூடாது, துப்பக் கூடாது, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாது. எல்லாம் சரி. ஆனால் அதையே நாலாம் நாளும் ஐந்தாம் நாளும் சொன்னால் அது மருந்து இல்லை, கெடுதல். அசைக்காத தசை இன்னும் இறுகும். உள்ளே கட்டிய ரத்தம் ஆறும்போது நார் போலத் தடித்துவிட்டால், பத்து நாளில் போக வேண்டியது மாதக்கணக்கில் நிற்கும்.

பல் மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் முறை இது:

1. முதல் 24 மணி நேரம் வெளியே கன்னத்தில் ஐஸ் ஒத்தடம். துணியில் சுற்றி, விட்டு விட்டு.

2. அதற்கு அடுத்த நாளிலிருந்து வெந்நீர் ஒத்தடம். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டைப் பிடிப்பு இருக்கும் பக்கத்தில் 15 - 20 நிமிடம். பகலில் பல தடவை. கூடவே வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை வாயில் வைத்திருந்து மெதுவாக வழிய விடுவது.

3. வலி மாத்திரையை டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நாள் வரை. வலிதான் தசையை இறுக வைக்கிறது. வலி குறைந்தால் வாயை அசைக்க முடியும். சர்க்கரை, அல்சர், சிறுநீரகக் கோளாறு இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பக்கத்து வீட்டு மாத்திரை வேண்டாம்.

4. மூன்றாம் நாள் வாக்கில் டாக்டரைக் கேட்டுவிட்டுப் பயிற்சி. மெதுவாகத் திறந்து, இழுப்பது தெரியும் இடத்தில் சில நொடி நிறுத்தி, மூடுவது. பிறகு தாடையை இடம் வலமாக நகர்த்துவது. மூன்று நாலு மணிக்கு ஒரு தடவை, ஐந்து நிமிடம். ஒத்தடம் கொடுத்த கையோடு செய்தால் சுலபம். சர்க்கரை இல்லாத சூயிங்கம் மெல்லச் சொல்லும் டாக்டர்களும் உண்டு.

5. நெம்பக் கூடாது. ஸ்பூன் கைப்பிடியை விட்டு யாராவது திறந்துவிடப் பார்த்தால் தடுத்துவிடுங்கள். இழுப்பது வரை போகலாம், உயிர் போகிற வலி வரை போகக் கூடாது. எலும்பை நிறைய வெட்டி எடுத்த பல் என்றால் தாடை சில வாரம் பலவீனமாக இருக்கும். அவர்கள் டாக்டர் சொல்லாமல் பயிற்சியைத் தொடங்க வேண்டாம். முறுக்கு, தட்டை, கரும்பு எல்லாம் அடுத்த மாதத்துக்கு.

புனே டாக்டர் ஒரு சின்ன ஸ்கேலை வைத்து மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே அளந்தார். 18 மி.மீ. சாதாரணமாகப் பெரியவர்களுக்கு 40 மி.மீ. வாக்கில் திறக்கும், 35-க்குக் கீழே போனால் குறைவு என்று எடுத்துக்கொள்வோம் என்றார். வீட்டில் ஸ்கேல் வேண்டாம். உங்கள் கையிலேயே அளவு இருக்கிறது. ஆள்காட்டி, நடு, மோதிர விரல் மூன்றையும் ஒன்றன் மேல் ஒன்றாக நெட்டுக்குத்தாக முன்பற்களுக்கு நடுவே நுழைத்துப் பாருங்கள். மூன்று விரல் நுழைந்தால் சரி. இரண்டு என்றால் இறுக்கம். ஒன்று என்றால் நல்ல பிடிப்பு. காலையும் மாலையும் பார்த்து காலண்டரில் எழுதி வையுங்கள். அந்த அக்கா அப்படித்தான் எழுதினார். ஒன்று, ஒன்று, ஒன்றரை, இரண்டு என்று போய், பல் எடுத்த பத்தாம் நாளுக்கு மூன்று விரல் வந்தது. எண் ஏறுவதைப் பார்ப்பதே பாதி தெம்பு.

சாப்பாட்டுக்கு நம் சமையலறையை மிஞ்சியது இல்லை. ஆறவைத்த அரிசிக் கஞ்சி, ராகிக் கூழ், குழைய வடித்த சாதத்தில் மசித்த பருப்பும் நெய்யும், ரசத்தில் ஊறிக் கரைந்த இட்லி, மோர், இளநீர். காரமும் சூடும் வேண்டாம். முதல் சில நாள் ஸ்ட்ரா கிடையாது. சின்னக் கரண்டி போதும், குழந்தைக்கு மருந்து கொடுக்கும் கரண்டியும் உதவும். பல் துலக்கக் குழந்தைகள் பிரஷ் வாங்குங்கள், ஒரு விரல் இடைவெளியில் அதுதான் நுழையும். வாய் திறக்கவில்லை என்று துலக்காமல் விட்டால் காயத்தில் சீழ் பிடிக்க நாமே இடம் கொடுத்த மாதிரி.

எப்போது காத்திருக்கக் கூடாது

பிடிப்பு தானாகப் போகும் என்பதைக் கேட்டுவிட்டு யாரும் வீட்டில் படுத்துவிடக் கூடாது. ஒத்தடமும் பயிற்சியும் தொடங்கி இரண்டு மூன்று நாளில் கொஞ்சமாவது முன்னேற்றம் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றாலோ, திறந்துகொண்டு வந்த வாய் திரும்பவும் மூட ஆரம்பித்தாலோ டாக்டரிடம் போக வேண்டும். மூன்றாம் நாளுக்குப் பிறகு வீக்கம் குறையாமல் ஏறுவது, காய்ச்சல், வாயில் சீழ் நாற்றம் எல்லாம் கிருமித் தொற்றின் அடையாளம். அதற்குப் பயிற்சி மருந்து இல்லை. உள்ளே சீழ் இருந்தால் அதை வடிக்க வேண்டும்.

இன்னும் சில அறிகுறிகள் இருக்கின்றன. அவற்றுக்குக் கிளினிக் திறக்கும்வரை காத்திருக்கவே கூடாது. வீக்கம் தாடைக்குக் கீழே இறங்கிக் கழுத்துக்குப் பரவுவது, எச்சிலை விழுங்க முடியாமல் வழிவது, நாக்கு மேலே தள்ளப்படுவது, குரல் மாறுவது, மூச்சு வாங்குவது. 1836-ல் லுட்விக் என்ற ஜெர்மன் மருத்துவர் இந்த மாதிரித் தொற்றை விவரித்தார். இன்றும் அவர் பெயரில்தான் அழைக்கிறார்கள். கீழ்க் கடைவாய்ப் பல்லிலிருந்து கிளம்பி மூச்சுக்குழாயை அடைத்துவிடக் கூடியது. இதில் வாய் திறக்காதது இன்னொரு ஆபத்து. மயக்க மருந்து கொடுத்து மூச்சுக்குழாயில் குழாய் போட வேண்டுமானால் வாய் திறக்க வேண்டுமே! அதனால் நேரே அவசர சிகிச்சை உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். நடு ராத்திரியாக இருந்தாலும் சரி.

வேறு சில தொல்லைகளையும் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். மூன்றாம் நாள் வாக்கில் காது வரை தெறிக்கும் வலி, குழி காலியாகத் தெரிவது: அது உறைந்த ரத்தம் போய்விட்ட காய்ந்த குழி, டாக்டர் மருந்து வைத்தால் அடங்கும். கீழ் உதடோ நாக்கோ மறுநாளும் மரத்தே இருப்பது: அது நரம்பு சம்பந்தப்பட்டது, உடனே சொல்ல வேண்டும். வாய் திறந்தபடி மூட முடியாமல் நிற்பது: தாடை மூட்டு நழுவியிருக்கலாம், அது அப்போதே சரிசெய்ய வேண்டியது.

புனே டாக்டர் அந்த அக்காவிடம் "குட்கா, சுபாரி ஏதாவது உண்டா?" என்று கேட்டார். அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. இந்தப் பக்கத்தில் அது வழக்கமான கேள்வி, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பாக்கு மென்று மென்று வாயின் உள்தோல் நாராகி, வாய் திறப்பது வருடக்கணக்கில் குறைந்துகொண்டே போகும் நோய் ஒன்று உண்டு. 1953-ல் பம்பாயில் ஒரு மருத்துவர் அதற்குப் பெயர் வைத்து எழுதினார். புற்றுநோய்க்கு முன்படி அது. புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ல் வெளியிட்டது. வெற்றிலைச் செல்லம் வைத்திருக்கும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் இது பொருந்தும். அதனால் பல் எடுப்பதற்கு *முன்னாலேயே* எத்தனை விரல் நுழைகிறது என்று பார்த்துவிடுவது நல்லது. முன்பே இரண்டு விரல்தான் என்றால் கதையே வேறு.

சொல்லாமல் விடுவது சரியா?

இதை ஒரு பல் மருத்துவ நண்பரிடம் கேட்டேன். அவர் சொன்னது இரண்டு காரணம். ஒன்று, ஒரு நாளைக்கு இருபது முப்பது பேரைப் பார்க்கிறோம், ஒவ்வொருவருக்கும் பாடம் எடுக்க நேரம் இல்லை. இரண்டு, எல்லாவற்றையும் சொன்னால் பயந்துகொண்டு எழுந்து போய்விடுவார்கள், அழுகிய பல்லோடு இன்னும் கஷ்டப்படுவார்கள்.

இரண்டாவது காரணத்தை நான் ஒதுக்கிவிடவில்லை. உண்மையிலேயே நம் ஆட்கள் எழுந்து போவார்கள். ஆனால் 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் இதற்குக் கோடு போட்டிருக்கிறது. வழக்கு பல் பற்றியது இல்லை, ஒரு பெண்ணுக்கு நடந்த அறுவை சிகிச்சை பற்றியது. சிகிச்சையின் தன்மை, மாற்று வழி, முக்கியமான பாதிப்புகள் ஆகியவற்றைப் போதுமான அளவு சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும் என்றது தீர்ப்பு. எங்கோ எப்போதோ நடக்கக்கூடிய அபூர்வமான ஆபத்தையெல்லாம் சொல்லி நோயாளியை மிரட்ட வேண்டியதில்லை என்றும் அதே தீர்ப்பு சொன்னது. நியாயமான நடுவழி. ஞானப்பல் எடுத்தபின் தாடை இறுகுவது அபூர்வமா? இல்லை. பல் மருத்துவம் படிக்கும் மாணவர் முதலில் கற்றுக்கொள்ளும் பின்விளைவுகளில் ஒன்று. அப்படியானால் அது சொல்ல வேண்டிய பட்டியலில்தான் வருகிறது. சொல்லாததால் வந்த பயம், சொன்னால் வரக்கூடிய பயத்தைவிட எத்தனை மடங்கு பெரியது என்பதை அந்த அக்கா வீட்டில் பார்த்தேன்.

நேரம் இல்லை என்ற முதல் காரணத்துக்குப் பதில் ஒரு அரைத் தாள். ஒரு தடவை அச்சடித்தால் போதும். "இரண்டு மூன்று நாளில் வாய் இறுகலாம். பயப்பட வேண்டாம். இன்ன நாளிலிருந்து வெந்நீர் ஒத்தடம், இப்படிப் பயிற்சி. இன்னின்ன அறிகுறி என்றால் இந்த எண்ணுக்கு போன் செய்யவும்." தமிழில் ஒரு பக்கம், பின்பக்கம் இங்கிலீஷில். இங்கே புனேயில் என்றால் மராத்தியும் இந்தியும். கிளினிக் வாசலில் சிரிக்கும் பெண்ணின் படம் போட்டு போர்டு வைக்கும் செலவில் ஆயிரம் தாள் அடிக்கலாம்.

நாம் செய்யக்கூடியது

டாக்டர்கள் மாறும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. ஊரை விட்டு வந்த குடும்பங்களுக்கு என் யோசனை இவ்வளவுதான்.

ஒன்று: அடுத்த இரண்டு வாரம் எந்த ஊரில் இருப்பீர்களோ, அந்த ஊரில் பல்லை எடுங்கள். மொழியைவிட முக்கியம், எடுத்த கையே திரும்பவும் பார்ப்பது. ஊரில்தான் எடுப்பேன் என்றால் லீவின் முதல் நாளில் எடுங்கள், கடைசி நாளில் வேண்டாம். லீவு பத்து நாள்தான் என்றால், அவசரம் இல்லாத ஞானப்பல்லை டாக்டரைக் கேட்டுத் தள்ளிப் போடலாமா என்று பாருங்கள். சீழ் பிடித்த பல்லைத் தள்ளிப் போடாதீர்கள்.

இரண்டு: கிளம்பும் முன் எழுதி வாங்குங்கள். எந்தப் பல் என்று எண்ணோடு. கீழ் வலது ஞானப்பல்லுக்கு 48, கீழ் இடதுக்கு 38 என்று பல நாடுகளில் பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் எண் இருக்கிறது. எலும்பு வெட்டியதா, எத்தனை தையல், எந்த மாத்திரை எத்தனை நாள். எக்ஸ்ரேயை செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஊர் டாக்டருக்கு அதுதான் மொழி.

மூன்று: ஒரு வாக்கியத்தைக் கற்றுவையுங்கள். வாய் திறக்காதபோது நீளமாக விளக்க முடியாது. இந்தியில் "முஹ் நஹீ குல் ரஹா ஹை". மராத்தியில் "தோண்ட் உகடத் நாஹீ". பெங்களூரில் "பாயி தெகெயோக்கே ஆக்தா இல்லா". ஹைதராபாதில் "நோரு தெரவலேகபோதுன்னானு". உச்சரிப்பு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் அங்கே புரிந்துகொள்வார்கள், இறுகிய வாயே மீதியைச் சொல்லிவிடும்.

நான்கு: நாற்காலியில் உட்காருவதற்கு முன் கேளுங்கள். "எத்தனை நாள் வாய் இறுகும்? எப்போதிருந்து அசைக்கலாம்? திறக்கவில்லை என்றால் யாரிடம் வர வேண்டும்?" மூன்றே கேள்வி. நல்ல டாக்டர் யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார். கோபப்படுகிறவரிடம் பல்லைக் கொடுப்பதா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பார்கள் நம்ம ஊரில். ஒரு ஞானப்பல் போனால் சொல் ஒன்றும் போய்விடாது. ஊசி போடுவதற்கு முன்னால் வாய் நன்றாகத்தானே திறக்கிறது, அப்போதே கேட்டுவிடுங்கள்.